தாலிக்குப் பின் வரும் காதல்

வாடகை நூலகங்களில் பல கை மாறிய குடும்ப நாவல்களின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், கதை முடிகிற இடத்தில் இன்னொரு எழுத்து தொடங்கும். பென்சிலில் ஓர் இனிஷியல், ஒரு நட்சத்திரம், ஒரு டிக். ஏற்கெனவே படித்த புத்தகத்தை மறுபடி எடுத்துவிடாமல் இருக்க வாசகிகள் வைத்துக்கொள்ளும் அடையாளம் அது. சிலர் அதோடு நிற்பதில்லை. சூப்பர் என்றோ சுமார் என்றோ எழுதுவார்கள். ஹீரோவைத் திட்டி ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் அந்த ஹீரோவுக்கு வக்காலத்து இருக்கும். குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் என்று தென்சென்னைப் புறநகரில் வாடகை நூலகப் பழக்கம் உயிரோடிருந்த காலத்தில் இந்த விவாதம் முகம் தெரியாத பெண்களுக்கிடையே ஓசையில்லாமல் நடந்தது. நம் இலக்கிய வரலாறுகளில் அதற்கு இடமில்லை. இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தமிழில் மிக அதிகமாக வாசிக்கப்படும் ஒரு கதை வகையைப் பற்றிய கூர்மையான கேள்விகள் அங்கேதான் எழுந்தன.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். இந்தப் பாதைதான் புறநகரை வளர்த்தது. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. 1984-இல் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. குமாஸ்தாக் குடும்பங்களுக்கு அடுத்தபடியாக வேலைக்குப் போகும் பெண்கள் இந்த ரயிலில் பெருகினார்கள். தாம்பரத்தில் ஏறிக் கோட்டையில் இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாமியார் கூப்பிடாத, குக்கர் விசில் கேட்காத நேரம் அது. பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல் அந்த நேரத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. இன்று அதே லேடீஸ் பெட்டியில் கிண்டிலும் பிரதிலிபி செயலியும் ஓடுகின்றன. அட்டை போய்விட்டதால் பக்கத்து சீட்டுக்காரருக்கு நாம் என்ன படிக்கிறோம் என்று தெரியாது. இந்த மறைவு கதைகளையும் மாற்றியது.

அந்த மாற்றத்துக்கு முன்னால் ரமணிசந்திரன் இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். வாசகிகளுக்கு அவர் 'ஆர்.சி.'. வாடகை நூலகத்தில் அவருக்கென்று தனி அடுக்கே இருக்கும். பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் தமிழ் வெகுஜனக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, துப்பறியும் கதைகளுக்கும் பேய்க்கதைகளுக்கும் நடுவே அவருடைய கதையும் இடம்பெற்றது. படுக்கையறைக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடும் எழுத்து அவருடையது. அதனால்தான் அம்மா படித்துவிட்டு மகளுக்குக் கொடுக்க முடிந்தது. ஆனாலும் அப்போதே வாசகிகள் இரண்டு பட்டிருந்தார்கள். பணக்காரனும் திமிர் பிடித்தவனுமான நாயகன், நாயகியைப் பணத்தாசைக்காரி என்று சந்தேகிப்பான், நாவில் நெருப்பை வைத்துப் பேசுவான், கடைசி அத்தியாயத்தில் உருகுவான். சிலருக்கு அந்த உருகல் போதுமானதாக இருந்தது. அதே பேச்சைத் தன் வீட்டில் தினமும் கேட்கும் பெண்ணுக்கு அது போதவில்லை. ஒரே எழுத்தாளரின் எல்லா நாவல்களையும் தேடித்தேடிப் படித்துக்கொண்டே அந்த நாயகர்களைக் கோபித்துக்கொள்ளும் வாசகி இருக்கிறாள். அவளைப் புரிந்துகொள்ளாமல் இந்த வகையை எடை போட முடியாது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்தச் சண்டையை ஆபாசச் சண்டை என்றே எண்ணுகிறார்கள். அப்படி எண்ணுவதற்கு நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் அவையில் முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' என்ற காவியத்தை, பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் சென்னையில் முழுமையாகப் பதிப்பித்தார். மறு ஆண்டே அரசு ஆபாச வழக்கு தொடுத்து நூலைத் தடை செய்தது. ராதையின் வேட்கையை ஒரு பெண் எழுதியதும் அதை இன்னொரு பெண் பதிப்பித்ததும் அன்றைய சீர்திருத்தவாதிகளுக்கே பொறுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் பிரகாசம் பந்துலுவின் ஆட்சியில்தான், விடுதலையை ஒட்டி, அந்தத் தடை நீங்கியது. ஆண்கள் எழுதிய சரசக் கதைகளின் பாடு வேறு. 'திருவரங்கன் உலா' எழுதிய ஸ்ரீவேணுகோபாலன்தான் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் 'என் பெயர் கமலா' போன்ற தொடர்களை எழுதினார் என்பது வாசகர் பலருக்கும் தெரியும். ஒரே எழுத்தாளர் பக்தியைச் சொந்தப் பெயரிலும் வேட்கையைப் பெண் பெயரிலும் எழுத முடிந்தது, இரண்டுக்கும் சந்தை இருந்தது.

நீதிமன்றங்களும் ஆபாசம் என்ற ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன. 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1964-இல் உறுதி செய்தது. அப்போது அது கைக்கொண்டது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அளவுகோல். படிப்பவர் மனத்தைக் கெடுக்குமா என்பதே அதன் கேள்வி. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில்தான் அந்த அளவுகோல் கைவிடப்பட்டு, சமகாலச் சமூகத்தின் பார்வை முன்னுக்கு வந்தது. இரண்டு அளவுகோல்களிலும் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. கதைக்குள் இருக்கும் அந்தப் பெண் சம்மதித்தாளா? புறநகர் வாசகி பென்சிலால் கேட்டது இதைத்தான்.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இணையத் தொடர்களாக வந்து, கிண்டிலிலும் அச்சிலும் பரவிய தமிழ்க் காதல் கதைகள் ரமணிசந்திரன் நின்ற கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெண் எழுதி, பெண் படிக்கும் தமிழில் உடலின் மகிழ்ச்சி இடம் பெறுவது எவ்வளவோ முன்பே நடந்திருக்க வேண்டியது. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கதைகளில் ஒரு பெரும் பிரிவுக்கு வாசகிகளே 'ஆன்டி ஹீரோ' கதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அண்ணன் செய்த தப்புக்குத் தங்கையைப் பழிவாங்க நாயகன் அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறான், கோயிலிலோ காரிலோ வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுகிறான், அன்றிரவோ அடுத்த வாரமோ அவள் மறுக்க மறுக்க நெருங்குகிறான். பிறகு உண்மை தெரிகிறது. மிச்சமிருக்கும் ஐம்பது அத்தியாயமும் அவன் பின்னால் அலைவதும் அவள் இளகுவதும். முன்பாதியில் நடந்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. கதையில் அந்தப் பெயர் வருவதில்லை, காரணம் இடையில் ஒரு மஞ்சள் கயிறு வந்துவிட்டது.

இந்த வகையின் முழு அமைப்பும் தாலியின்மேல் நிற்கிறது என்பது என் வாதம். இதே நாயகன் தாலி கட்டாமல் இதைச் செய்தால் அவன் வில்லன். தமிழ்க் காதல் கதையின் எந்த வாசகியும் அவனை மன்னிக்கமாட்டாள், எந்த எழுத்தாளரும் அவனுக்கு ஐம்பது அத்தியாயம் தரமாட்டார். தாலி கட்டிய அடுத்த நொடியில் அதே செயல் உரிமை மீறலாகச் சுருங்குகிறது. நம் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது என்பது வருத்தமான உண்மை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 375-ஐப் போலவே, 18 வயது நிறைந்த மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வன்புணர்வு ஆகாது என்று விலக்களிக்கிறது. 2022 மே மாதம் இந்த விலக்கைப் பற்றி தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் எதிரெதிர்த் தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதிகளே இரண்டுபட்ட விஷயத்தில் லேடீஸ் பெட்டி இரண்டுபட்டால் வியக்க என்ன இருக்கிறது?

ஆனால் அந்தத் தாலிக்கே சட்டத்தில் அவ்வளவு பலம் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்கு அங்கீகாரம் தந்தபோது, உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தத்தம் வாயால் அறிவித்தாலே போதும் என்று வைத்தது. மாலையும் மோதிரமும் தாலியும் அதில் மாற்று வழிகள். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பலவந்தத்தால் சம்மதம் பெறப்பட்ட திருமணத்தை ரத்து செய்யக் கோரும் வழி இருக்கிறது. அதற்கு இரண்டு தடைகள். பலவந்தம் ஓய்ந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். பலவந்தம் ஓய்ந்தபின் முழுச் சம்மதத்தோடு அவனோடு மனைவியாக வாழ்ந்திருந்தால் மனு செல்லாது. இந்த இரண்டாம் தடையைப் படித்தபோது எனக்கு நம் தொடர்கதைகளின் பின்பாதி புதிதாக விளங்கியது. அந்த ஐம்பது அத்தியாயமும் செய்யும் வேலை இதுதான்: முன்னால் இல்லாத சம்மதத்தைப் பின்னால் தேடி வாங்குவது. காதலும் பாட்டும் தலைவலிக்குத் தைலம் தேய்ப்பதும் எல்லாம் அந்தச் சம்மதத்தை நோக்கி நகர்கின்றன. வாங்கிய சம்மதம் முன்தேதியிட்டுச் செல்லுமா என்பதில்தான் வாசகிகள் பிரிகிறார்கள்.

உலகம் இதே சண்டையை வேறு பின்னணியில் போட்டது. இ. எல். ஜேம்ஸ் எழுதிய 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' 2011-இல் ஓர் ஆஸ்திரேலியச் சிறு பதிப்பகம் வழியாக வந்தது, 2012-இல் பெரும் பதிப்பகத்தின் கைக்குப் போனது. 'டுவைலைட்' நாவல்களின் விசிறியான அவர் இணையத்தில் எழுதிய தொடராக அது பிறந்தது. நம் தொடர்களின் பிறப்பும் ஏறக்குறைய அதேதான். உலகெங்கும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற அந்த வரிசை சென்னை நடைபாதைக் கடைகளிலும் திருட்டுப் பதிப்பாகக் கிடைத்தது. 2015-இல் அதன் திரைப்படத்துக்கு நம் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. வடகிழக்கு இங்கிலாந்தில் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஓர் அமைப்பு 2012-இல் இந்த நூலை எரிக்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்க ஆய்வாளர் ஏமி போனோமியும் உடன் எழுதியவர்களும் 2013-இல் முதல் நாவலை வரிவரியாக ஆராய்ந்து, நாயகன் நாயகி சந்திப்புகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மனரீதியான துன்புறுத்தல் இருக்கிறது என்றார்கள். லட்சக்கணக்கான வாசகிகளோ தங்கள் தாம்பத்தியத்துக்கு அந்தப் புத்தகம் உயிர் கொடுத்தது என்றார்கள். வலியையும் கட்டுப்பாட்டையும் விருப்பத்தோடு நாடும் இணையர்கள், தங்கள் உலகில் சம்மதமே முதல் விதி, அதை இந்த நூல் தப்பாகக் காட்டுகிறது என்று மூன்றாவது பக்கம் நின்றார்கள்.

அந்தக் கதையில் ஓர் ஒப்பந்தப் பத்திரம் வருகிறது. எது சரி, எது கூடாது என்று இருவரும் வரிவரியாகப் பேசுகிறார்கள். நாயகி கடைசிவரை அதில் கையெழுத்துப் போடுவதில்லை. பேச்சாவது நடக்கிறது என்பதை நான் கவனிக்கிறேன். நம் ஆன்டி ஹீரோ கதையில் அந்தப் பேச்சே கிடையாது. கேட்கப்பட வேண்டிய கேள்வி எல்லாவற்றுக்கும் தாலி ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. ஆபாசம் என்ற அளவில் பார்த்தால் ஜேம்ஸின் நாவல் நம் கதைகளைவிடப் பத்து மடங்கு வெளிப்படையானது. பெண்ணின் விருப்பத்தை யார் கேட்கிறார்கள் என்ற அளவில் பார்த்தால் கணக்கு மாறும்.

பிறகு ஏன் படிக்கிறார்கள்? இந்தக் கேள்வியைப் படிப்பவர்களிடமே கொண்டுபோன முதல் பெரிய ஆய்வு ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்டது. அமெரிக்க நடுமேற்கில், ஸ்மித்தன் என்று பெயர் மாற்றிக் குறிப்பிட்ட ஓர் ஊரில், ஒரு புத்தகக் கடை ஊழியரைச் சுற்றியிருந்த 42 வாசகிகளோடு அவர் பேசினார். படிப்பது அவர்களுக்கு யாருக்கும் பரிமாற வேண்டாத நேரம். கையில் புத்தகம் இருந்தால் வீடு கொஞ்சம் தள்ளி நிற்கும். அவர்கள் எல்லாக் கதையையும் விழுங்கவில்லை. வன்முறை மிகுந்தவற்றை ஒதுக்கினார்கள், நாயகனின் கொடுமை ஒரு தப்பெண்ணத்தால் வந்தது என்று பிறகு விளங்கினால் பொறுத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமையில்தான் ராட்வேக்குத் தயக்கம் இருந்தது. ஆணின் கடுமைக்குக் கீழே அன்பு ஒளிந்திருக்கிறது என்று வாசிக்கப் பழக்கும் கதை, வீட்டிலிருக்கும் கடுமையையும் அப்படியே வாசிக்கச் சொல்லுமே. ராதிகா பரமேஸ்வரன் 1990-களில் ஐதராபாத் கல்லூரி மாணவிகளிடையே மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல் வாசிப்பை ஆராய்ந்தபோது வேறொன்றையும் கண்டார். வீடும் பள்ளியும் பேசாத உடல் விஷயங்களை அவர்கள் அந்தப் புத்தகங்களில் தேடினார்கள். தமிழ்நாட்டிலும் இது பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவனோடு அறைக்குள் அனுப்பப்படும் பெண்ணுக்கு, அந்த அந்நியன் யாராக மாறுவான் என்பதைவிடப் பெரிய மர்மக்கதை கிடையாது. திருமணம் முதலில், காதல் பிறகு என்ற கதை வரிசை அவள் வாழ்க்கையின் வரிசை. முரட்டுக் கணவன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கும் அத்தியாயம் அவளுக்கு ஏன் தேவைப்படுகிறது என்று அவளைக் கேலி செய்பவர்கள் யோசிப்பதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகப் பதிவாகியிருக்கிறது. நாட்டின் சராசரியைவிட இது கூடுதல். இத்தனை வீடுகளில் யாரும் கேட்காத மன்னிப்பைக் கதையில் ஒருவன் கேட்கிறான்.

இதை ஒப்புக்கொண்ட பிறகும் நான் அந்தப் பென்சில் வரிக்காரியின் பக்கம்தான் நிற்கிறேன். கதைதானே, ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்பது விரும்பிப் படிப்பவர்களின் வழக்கமான பதில். தமிழ் வாசகர்கள் கதையைக் கதைதானே என்று விட்டவர்கள் இல்லை. 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' வந்தபோது தமிழ்நாடே அதைப் பற்றிச் சண்டை போட்டது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண், காரில் வந்த அந்நியன், வீடு திரும்பியவளின் தலையில் தண்ணீர் ஊற்றி நீ சுத்தமானவள் என்ற தாய். அந்தத் தாய் செய்தது சரியா என்று வாதாடினார்கள். அந்த முடிவை மாற்றி, தாய் அப்படிச் செய்யாதிருந்தால் என்ன ஆகும் என்று ஜெயகாந்தனே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அதற்கு 1972-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அன்றைய சண்டை முழுக்க அவள் கெட்டவளா, சுத்தமானவளா என்பதைச் சுற்றியே நடந்தது. கார்க்காரனைப் பற்றிய பேச்சு குறைவு. அரை நூற்றாண்டுக்குப் பின், எந்த விருதுக் குழுவும் திரும்பிப் பார்க்காத கதைகளை வைத்துக்கொண்டு, புறநகர்ப் பெண்கள் பேச்சைக் கார்க்காரன் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அவன் ஏன் மன்னிக்கப்பட வேண்டும், எவ்வளவு சீக்கிரம், எதைக் கொடுத்து என்று அவர்கள் கேட்பது தமிழ் வாசிப்பில் நடந்திருக்கும் நல்ல மாற்றம்.

அந்த வாதத்தின் நுணுக்கம் பாராட்டத்தக்கது. நாயகன் அழுதால் போதுமா, தான் செய்தது என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா என்பது ஒரு பிரிவினரின் கேள்வி. குழந்தை உண்டானதும் நாயகி இளகுவது ஏமாற்று வேலை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அவள் வேலைக்குப் போய்த் தனியாக நின்று காட்டிய பிறகே திரும்ப வேண்டும் என்பார்கள் சிலர். திரும்பவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள். தொடர் பகுதி பகுதியாக வருவதால் இந்தக் குரல்கள் எழுத்தாளரை எட்டுகின்றன. பலர் முதல் அத்தியாயத்தின் தலையிலேயே, இது ஆன்டி ஹீரோ கதை, பிடிக்காதவர்கள் தவிர்க்கவும் என்று எச்சரிக்கை போடுகிறார்கள். அது நேர்மையான பழக்கம். ஆனால் அந்த எச்சரிக்கை வாசகியை மட்டும் காக்கிறது. கதைக்குள் இருப்பவளுக்கு யாரும் எச்சரிக்கை தரவில்லை.

தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992-இல் தொடங்கின. தாம்பரத்திலும் ஒன்று இருக்கிறது. வலுக்கட்டாயத் தாலி கட்டப்பட்ட நாயகி அந்தப் படியேறுவதை நான் மிக அரிதாகவே வாசித்திருக்கிறேன். ஏறினாலும் இன்ஸ்பெக்டரம்மா சமாதானம் பேசி அனுப்பிவிடுவார், அது நடப்புக்கு நெருக்கமான காட்சிதான். அவள் புகாரை எழுதிக் கொடுத்தால் கதை அந்த இடத்தில் முடிந்துபோகும் என்று எழுதுகிறவர்கள் சொல்லலாம். இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தரும் ஓராண்டுக்குள் அவள் மனு போட்டால், அவனும் அவளும் நீதிமன்றத்தின் வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால், அவள் வேண்டாம் என்று சொல்ல முழு உரிமையும் இருக்கும் அந்த இடத்திலிருந்து அவன் கேட்கத் தொடங்கினால், அதற்குப் பின் வருகிற ஐம்பது அத்தியாயத்தைப் படிக்கப் புறநகரில் வாசகிகள் இருக்கிறார்கள்.